எந்த ஊர்ல எந்த கொரோனா? வேரியன்ட் ட்ராக்கிங் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஏப்ரல்ல வேலை வீட்லருந்துதான், வெளிய போக வழியில்ல, டிவி போட்டா ஆக்சிஜன், ஆம்புலன்ஸ். அந்த பயத்துல ஆரம்பிச்சதுதான் என்னோட எக்ஸெல் ஷீட்டு, எந்த மாநிலத்துல எந்த வேரியன்ட் எவ்ளோ பர்சன்ட்னு வெளிய வர்ற சீக்வென்ஸ் டேட்டாவ (வைரஸோட மரபணுவ எழுத்து எழுத்தா படிச்ச விவரம்) வாராவாரம் ஏத்திட்டு வந்தேன். நான் டாக்டர் இல்ல, நம்பரோட மாரடிக்கிற வேலை. சொந்தக்காரங்க குரூப்ல இது தெரிஞ்சதும் ஆளாளுக்கு கேள்வி, இன்னைக்கும் டிவில புதுசா ஒரு பேர் வந்தா மொத போன் எனக்குத்தான். தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால மொத்தமா இங்க போட்டுடறேன். உதாரணமெல்லாம் பெரும்பாலும் 2021ல இந்தியால ஆல்பாவும் டெல்டாவும் மோதுன கதை, நடுநடுவுல பிரிட்டன், தென்னாப்பிரிக்கா.

மியூட்டேஷன், வேரியன்ட், ஸ்ட்ரெய்ன் எல்லாம் ஒண்ணுதானா?

ஒண்ணு இல்ல. இந்த வைரஸோட மரபணு சுமார் 29,900 எழுத்து நீளம். ஒவ்வொரு தடவ காப்பி ஆகும்போதும் அங்கங்க ஒரு எழுத்து மாறும், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துட்டே போனா கறை சேரும்ல அது மாதிரி. மாறுன அந்த ஒரு எழுத்துதான் மியூட்டேஷன். ஒரு பரம்பரைல சராசரியா மாசத்துக்கு ரெண்டு மாற்றம் நிலைச்சு நிக்கும். ஒரே செட் மாற்றத்த சுமந்துட்டு சுத்துற கூட்டத்துக்கு பேர் வேரியன்ட். ஸ்ட்ரெய்ன்ங்கிறத டிவிக்காரங்க இஷ்டத்துக்கு போடறாங்க, அத கண்டுக்காதீங்க. பெரும்பாலான மாற்றம் ஒண்ணும் பண்ணாது, ஆனா ட்ராக் பண்ண உதவும், யார்கிட்டருந்து யாருக்கு போச்சுங்கிறதுக்கு அந்த கறைதானே அடையாளம்.

பி.1.617.2, பிஏ.2.86, ஜேஎன்.1... மனுஷன் ஞாபகம் வச்சுக்கற மாதிரி பேரே கிடைக்கலையா?

நம்ம இனிஷியல் மாதிரி நினைச்சுக்கோங்க. தாத்தா பேரு, அப்பா பேரு, அப்புறம் புள்ள. பி-யோட வாரிசு பி.1, அதோட 617ஆவது கிளை பி.1.617, அதுக்கு ரெண்டாவது புள்ள பி.1.617.2, அதான் டெல்டா. மூணு நம்பர தாண்டுனா பேர் ரயில் மாதிரி நீண்டுரும்னு அங்க வெட்டிட்டு புது எழுத்து குடுப்பாங்க, பி.1.1.529தான் ஒமிக்ரான், அதோட புள்ளைங்க பிஏ.1, பிஏ.2. 2020ல ஆண்ட்ரூ ராம்பாட் குழு கொண்டு வந்த இந்த முறைக்கு பேர் பாங்கோ.

ஆல்பா, பீட்டான்னு கிரேக்க எழுத்த உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31ல குடுத்தது, அதுக்கு முன்னாடி ‘யூகே கொரோனா’, ‘இந்தியன் வேரியன்ட்’னு ஊர் பேர வச்சு திட்டிட்டு இருந்தோம். ஒரு ஊர்ல மொதல்ல கண்டுபிடிச்சாங்கன்னா அந்த ஊர்ல ஒழுங்கா டெஸ்ட் பண்றாங்கன்னு அர்த்தம், அதுக்கு பரிசா கெட்ட பேரு குடுத்தா அடுத்த தடவ எவன் வெளிய சொல்லுவான்?

ஒரு மாவட்டத்துல எது பரவுதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

நம்ம மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்கள்ல, அதே சாம்பிள்தான். ஆர்டி-பிசிஆர்ல பாசிட்டிவ் வந்ததுல சிலத மட்டும் ஐஸ்ல வச்சு சீக்வென்சிங் லேபுக்கு அனுப்புவாங்க. அங்க சிடி வேல்யூ பார்ப்பாங்க, அதாவது வைரஸ் கண்ணுல படற வரைக்கும் மெஷின் எத்தன சுத்து பெருக்குச்சுங்கிற நம்பர், கம்மியா இருந்தா வைரஸ் அதிகம்னு அர்த்தம், பொதுவா 30க்கு கீழ இருந்தாத்தான் எடுப்பாங்க, ஏன்னா வைரஸ் கம்மியா இருந்தா முழு மரபணுவையும் படிக்க முடியாது, நடுநடுவுல ஓட்டை விழும். அப்புறம் வைரஸோட ஆர்என்ஏவ துண்டு துண்டா பெருக்கி, மெஷின்ல படிச்சு, கம்ப்யூட்டர்ல ஒட்டி, எந்த கிளைன்னு பார்த்து கிசைட்ங்கிற உலக டேட்டாபேஸ்ல ஏத்துவாங்க.

இந்தியால இதுக்காக 2020 டிசம்பர் கடைசில இன்சாகாக்னு 10 லேப் சேர்ந்த கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. பாசிட்டிவ் சாம்பிள்ல 5% படிக்கணும்னு டார்கெட். 2021 முதல் பாதில நடந்தது ஒரு பர்சன்ட் பக்கம்தான், சாம்பிள் வரல, கெமிக்கல் வரல, மாநிலம் அனுப்பல, அனுப்புனது அழுகிப் போச்சுன்னு ஆயிரம் காரணம். குச்சி விட்ட நாள்லருந்து ரிசல்ட் வெளிய வர ரெண்டு மூணு வாரம் சர்வ சாதாரணம், அந்த மூணு வாரத்துல டெல்டா ஊரையே சுத்தி வந்துரும்.

எங்க மாமனார் ரிப்போர்ட்ல ‘என்’ (N) ஜீன் சிடி 19, ஓஆர்எஃப் 20, ஆனா எஸ் ஜீன் ‘நாட் டிடெக்டட்’னு இருக்கு. அப்ப பாதி நெகட்டிவா?

இல்லங்க, முழு பாசிட்டிவ். 2022 பொங்கல் சமயத்துல இதே மாதிரி நாலு ரிப்போர்ட் எனக்கு வந்துச்சு, நாலு பேருமே ‘லேப்காரன் ஏமாத்திட்டான்’னு சண்டைக்கு போகற மூட்ல இருந்தாங்க. எனக்கு இந்த மொத்த சப்ஜெக்ட்லயே பிடிச்ச கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

டாக்பாத்னு ஒரு பிசிஆர் கிட் இருக்கு. அது வைரஸ்ல மூணு இடத்த தேடும், ஓஆர்எஃப்1ஏபி, என், எஸ். எஸ்ங்கிறது ஸ்பைக், வைரஸ் மேல முள்ளு மாதிரி நிக்கற புரதம். ஆல்பா வேரியன்ட்ல ஸ்பைக்ல 69, 70ஆவது இடம் ரெண்டும் காணாம போயிருந்துச்சு, கிட் தேடுற இடமும் சரியா அதேதான். அதனால மத்த ரெண்டும் ஜம்முனு வரும், எஸ் மட்டும் வராது. கிட்டோட இந்த குறைய பிரிட்டன்ல அப்படியே ரேடாரா மாத்திட்டாங்க. அங்க பெரிய பெரிய லேப் எல்லாம் இந்த கிட்டத்தான் யூஸ் பண்ணுச்சு, அதனால சீக்வென்சிங்குக்கு காத்திருக்காம, தினமும் எந்த ஊர்ல எத்தன பாசிட்டிவ்ல எஸ் விழுதுன்னு, அதாவது வராம போகுதுன்னு எண்ணியே ஆல்பா எங்க போகுதுன்னு பார்த்துட்டாங்க.

அடுத்து டெல்டா வந்துச்சு, அதுக்கு அந்த இடம் அப்படியே இருக்கு, எஸ் திரும்ப வந்துருச்சு. 2021 ஏப்ரல், மே மாசத்துல பிரிட்டன்ல ஆல்பாதான் எங்க பார்த்தாலும், அதுக்கு நடுவுல ‘எஸ் வருது’ன்னா அதுதான் இப்ப அலாரம். அப்புறம் நவம்பர்ல தென்னாப்பிரிக்கால, டெல்டா மட்டுமே இருந்த கவுட்டெங் மாகாணத்துல, திடீர்னு எஸ் விழ ஆரம்பிச்சுது, உடனே அந்த சாம்பிள எல்லாம் தேடி எடுத்து படிச்சாங்க, போட்ஸ்வானாலயும் அதே நேரம் அதே மாதிரி ஒண்ண படிச்சிருந்தாங்க. நவம்பர் 25ல அறிவிச்சாங்க, மறுநாளே அதுக்கு ஒமிக்ரான்னு பேர் வச்சாச்சு. அதுக்கடுத்து பிஏ.2 வந்து எஸ்ஸ மறுபடி கொண்டு வந்துச்சு, அதனாலதான் ‘ஒளிஞ்சு வர்ற ஒமிக்ரான்’னு பேப்பர்ல பயமுறுத்துனாங்க, ஒளியல கிளியல, பாசிட்டிவ்னு வரும், ஒமிக்ரான்னு தனியா பிரிக்க நம்ம கிட்டால முடியல அவ்ளோதான்.

உங்க மாமனார் விஷயத்துக்கு வர்றேன். சிடி 19, 20ன்னா வைரஸ் எக்கச்சக்கமா இருக்கு, அவ்ளோ இருக்கும்போது எஸ் மட்டும் வரலைன்னா அது வேரியன்ட் சமாச்சாரம். அதுவே மத்த ரெண்டும் 34, 35ன்னு இழுத்துட்டு இருந்து எஸ் வரலைன்னா வைரஸ் கம்மியா இருக்குன்னு மட்டும்தான் சொல்ல முடியும்.

ஒரு பர்சன்ட்தான் இருக்குன்னா அதுக்கு ஏன் இவ்ளோ பதறணும்?

பேப்பர் எடுங்க. இந்த வாரம் 100 கேஸ்ல 99 பழசு, 1 புதுசு. பழசோட கம்பேர் பண்ணா புதுசு வாரம் ரெண்டு மடங்கு ஆகுதுன்னு வைங்க. அடுத்தடுத்த வாரத்துல புதுசோட பங்கு 2, 4, 7.5, 14, 24, 39, ஏழாவது வாரம் 56. முதல் ஒரு மாசம் யாரும் சீண்ட மாட்டாங்க, பதினாலு பர்சன்ட்தானேம்பாங்க. அடுத்த மூணு வாரத்துல ஊர் அதோட கையில.

அதனாலதான் பர்சன்ட்ட பார்க்காம விகிதத்த பார்க்கணும். ஒரு பழசுக்கு எத்தன புதுசுன்னு எடுத்து, மடங்கு மடங்கா ஏறுற லாக் ஸ்கேல்ல வாராவாரம் புள்ளி வச்சா நேர்கோடு மாதிரி வரும், கோடு எவ்ளோ செங்குத்தா இருக்கோ அவ்ளோ வேகம். நாலு வாரத்து நல்ல டேட்டா இருந்தா என்னைக்கு பாதிய தாண்டும்னு ஓரளவு சொல்லிடலாம். நோய் கொடுமையா இருக்குமாங்கிறத மட்டும் இந்த கோடு சொல்லாது, அதுக்கு ஆஸ்பத்திரி கணக்கு வேற வேணும்.

கேஸ் குறைஞ்சுட்டுதானே வருது, அப்புறம் எப்படி புது வேரியன்ட் ஏறும்?

இங்கதான் நிறைய பேர் ஏமாந்தாங்க, அரசாங்கங்களும் சேர்த்து. மொத்த நம்பர்ங்கிறது ரெண்டு கோட்டோட கூட்டல். பழசு வேகமா இறங்கிட்டு இருக்கும்போது அடியில புதுசு ஏறிட்டு இருந்தா கூட்டல் இறங்கற மாதிரிதான் தெரியும். 2020 நவம்பர் லாக்டவுன்ல இங்கிலாந்துல பல ஊர்ல கேஸ் இறங்குச்சு, கென்ட் பக்கம் மட்டும் லாக்டவுன் போட்டும் ஏறுச்சு. ஜனங்க சரியா அடங்கலன்னு மொதல்ல நினைச்சாங்க. அப்புறம் பார்த்தா செப்டம்பர்லருந்தே அங்க ஆல்பா இருந்திருக்கு. ஒரே ரூல் போட்ட ரெண்டு ஊர்ல ஒண்ணு இறங்கி இன்னொண்ணு ஏறுனா, எது சுத்துதுன்னு உடனே சீக்வென்ஸ் பண்ணிப் பார்க்கணும்.

2021ல இந்தியால நிஜமா என்னதான் நடந்துச்சு?

ஒரே அலைன்னு நாம சொல்றது நிஜத்துல வேற வேற ஊர்ல வேற வேற வைரஸ். மார்ச் 23ல பஞ்சாப் முதல்வரா இருந்த அமரிந்தர் சிங் சொன்னாரு, அவங்க அனுப்புன 401 சாம்பிள்ல 81% யூகே வேரியன்ட்டுன்னு, அதாவது ஆல்பா. அதே நேரம் மகாராஷ்டிரால வேற ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, மார்ச் 24ல மத்திய சுகாதாரத்துறை அத சொன்னப்ப எல்லா சேனல்லயும் ‘டபுள் மியூட்டன்ட்’. எல்452ஆர், ஈ484க்யூன்னு ரெண்டு மாற்றம் இருக்குன்னு அந்த பேரு. பேரே தப்பு, அதுல ரெண்டுக்கு மேலயே மாற்றம் இருந்துச்சு. அத விட பெரிய கூத்து, எல்லாரும் பயந்த அந்த ஈ484க்யூ இருக்கற கிளை பி.1.617.1, கப்பா. ஜெயிச்சது அதோட தம்பி பி.1.617.2, அதுக்கு அந்த மாற்றமே கிடையாது. அண்ணன் மேல டார்ச் அடிச்சுட்டு இருந்தப்ப தம்பி பின்வாசல் வழியா போயிட்டான்.

டெல்லிதான் மோதல் தெளிவா தெரிஞ்ச இடம். ஜனவரில ஆல்பா இல்லன்னே சொல்லலாம், பிப்ரவரில சுமார் 20%, மார்ச்ல 40%. அந்த கணக்குப்படி ஆல்பாதான் ஊர புடிச்சிருக்கணும். டெல்டா பிப்ரவரில 5, மார்ச்ல 10, ஏப்ரல்ல 60%னு ஏறி ஆல்பாவையே தூக்கி வீசிருச்சு. ஏப்ரல் 20ல டெல்லில ஒரே நாள்ல 28,395 கேஸ். மேல சொன்ன விகிதக் கணக்கு போட்டா இந்த 5, 10, 60 நேர்கோட்டுல வராது, கடைசி மாசம் ஒரேயடியா உதைக்கும், மாசக் கணக்கா சேர்த்ததும் சாம்பிள் எடுத்த விதமும்தான் காரணம்னு நான் நினைக்கிறேன். வாரக் கணக்கு கையில இருந்திருந்தா மார்ச் நடுவுலயே யாராவது கத்தியிருப்பாங்க.

நம்ம ஊர் பக்கம் நான் மறக்காத டேட்டா வண்டலூர் உயிரியல் பூங்கா சிங்கங்க. மே கடைசில அங்க சிங்கங்களுக்கு கொரோனா வந்துச்சு, நாலோட சாம்பிள போபால் லேப்ல படிச்சாங்க, நாலுமே பி.1.617.2. கூண்டுக்குள்ள இருக்கற சிங்கம் எந்த கல்யாணத்துக்கும் போகல, மனுஷங்ககிட்டருந்துதான் வந்திருக்கும், அப்ப சென்னைய சுத்தி என்ன ஓடிட்டு இருந்துச்சுன்னு அந்த நாலு சாம்பிள் சொல்லிருச்சு. அத ஷீட்ல ஏத்தறப்ப ‘வயசு/பாலினம்’ கட்டத்துல என்ன போடறதுன்னு தெரியாம ரெண்டு நிமிஷம் உக்காந்திருந்தேன்.

ஏறுற வேரியன்ட் எல்லாமே அதிகமா பரவுறதுதானா?

கிடையாது. 2020 கோடைல ஐரோப்பா பூரா பி.1.177னு ஒண்ணு ஏறுச்சு. கிராஃப் பார்த்தா பயங்கரம். விசாரிச்சா ஸ்பெயின்ல ஆரம்பிச்சது, லீவுக்கு பீச்சுக்கு போனவங்க ஆளுக்கு கொஞ்சம் ஊருக்கு எடுத்துட்டு வந்திருக்காங்க. வைரஸுக்கு தனி திறமை ஒண்ணும் இல்ல, டூரிஸ்ட் சீசன் நல்லா இருந்துச்சு. ஆல்பா வந்ததும் ஒதுங்கிருச்சு.

ஒரு ஊர்ல மட்டும் ஏறுனா அதிர்ஷ்டமா இருக்கலாம், ஒரு கல்யாணம், ஒரு ஃபேக்டரின்னு. சம்பந்தமே இல்லாத அஞ்சாறு ஊர்ல ஒரே ஸ்பீடுல ஏறுனா அப்ப நம்பலாம். உல்டாவா, 2021 மே மாசம் ‘ஏபி ஸ்ட்ரெய்ன்’னு ஒண்ணு கிளப்பி விட்டாங்க ஞாபகம் இருக்கா, என்440கேங்கிற மியூட்டேஷன் இருந்தது. லேப்ல செல்லுல வேகமா வளருதுன்னு ஒரு ஆராய்ச்சி வந்ததும் ஆந்திராலருந்து வர்றவங்கள எல்லாம் ஒரு மாதிரி பார்த்தாங்க. ஹைதராபாத் சிசிஎம்பி ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிங்க அப்பவே சொன்னாங்க, அது தெற்குல முதல் அலைலயே இருந்தது, இப்ப குறைஞ்சுட்டே போகுது, வேற வேரியன்ட் அத தள்ளிட்டு இருக்குன்னு. டெல்டாவோட கிளையான டெல்டா பிளஸும் அப்படித்தான், 2021 ஜூன்ல தலைப்புச் செய்தி, அப்புறம் ஆளையே காணோம்.

எத்தன சாம்பிள் பார்த்தா போதும்?

ஒரு பர்சன்ட் இருக்கற வேரியன்ட்ல ஒண்ணாவது கண்ணுல படறதுக்கு 95% வாய்ப்பு வேணும்னா சுமார் 300 சாம்பிள் படிக்கணும். 100 மட்டும் படிச்சா மூணுல ஒரு தடவைக்கு மேல கோட்டை விட்டுருவீங்க. இது சாதா ப்ளஸ் டூ கணக்கு, 0.99ஐ 300 தடவ பெருக்குங்க, 0.05 வரும்.

ஆனா எண்ணிக்கைய விட எங்கருந்து எடுத்தாங்கங்கிறதுதான் எனக்கு பெருசு. ஏர்போர்ட்ல எடுத்த சாம்பிள், ரெண்டு ஊசி போட்டும் வந்தவங்க சாம்பிள், ஒரே ஹாஸ்டல் சாம்பிள், இத எல்லாம் ஒண்ணா கொட்டி ‘மாநிலத்துல 60% இந்த வேரியன்ட்’னு போட்டா அது மாநிலத்தோட கணக்கு இல்ல, ஹாஸ்டலோட கணக்கு. எந்த பர்சன்ட் பார்த்தாலும் எத்தனைல, யார்கிட்டருந்து, எந்த தேதில எடுத்ததுன்னு மூணும் கேளுங்க. தேதின்னா குச்சி விட்ட தேதி, டேட்டாபேஸ்ல ஏத்துன தேதி இல்ல, நான் இத மாத்தி போட்டு ஒரு மாசம் தப்பு கிராஃப குரூப்ல அனுப்பிட்டு இருந்திருக்கேன்.

சாக்கடை தண்ணில பார்க்கறாங்களாமே?

ஆமா, நல்ல ஐடியா. டெஸ்டுக்கு யாரும் வரலைன்னாலும் பாத்ரூம் போகாம இருக்க முடியாதுல்ல. பெங்களூர்ல 28 கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துலருந்து எடுத்து பார்த்தாங்க. அதுல எல்லார் வைரஸும் கலந்து வரும், கலந்த சாம்பார்ல எந்த காய் எவ்ளோன்னு பிரிக்கற மாதிரி கணக்கு போட ஃப்ரேயான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அமெரிக்காவுல சான் டியேகோல ஆஸ்பத்திரி சாம்பிள்ல தெரியறதுக்கு 14 நாள் வரைக்கும் முன்னாடியே சாக்கடைல புது வேரியன்ட் தெரிஞ்சிருக்கு.

பீட்டா தடுப்பூசிக்கே தண்ணி காட்டுதுன்னாங்க, அப்புறம் ஏன் டெல்டாகிட்ட தோத்துச்சு?

போட்டி ரெண்டு வழில ஜெயிக்கலாம். ஒண்ணு, ஒருத்தர்கிட்டருந்து நிறைய பேருக்கு தொத்தறது. இன்னொண்ணு, ஏற்கனவே வந்தவங்க, ஊசி போட்டவங்களோட எதிர்ப்ப ஏமாத்தி உள்ள போறது. தென்னாப்பிரிக்கால மொதல்ல தெரிஞ்ச பீட்டா ரெண்டாவது வழில கில்லாடி, டெல்டா முதல் வழில கில்லாடி, தென்னாப்பிரிக்காவுலயே 2021 நடுவுல டெல்டா பீட்டாவ தள்ளிருச்சு. அந்த வருஷக் கடைசில கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஏதோ ஒரு எதிர்ப்பு வந்தாச்சு, அப்ப ரெண்டாவது வழிக்கு மவுசு, ஒமிக்ரான் வந்து டெல்டாவ காலி பண்ணுச்சு. அதே வைரஸ் ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஜெயிச்சிருக்குமான்னு யாருக்கும் தெரியாது.

ரெண்டு வேரியன்ட் ஒரே ஆளுக்கு வந்தா கலந்துருமா?

கலக்கும், அபூர்வமா. 2022 ஜனவரில சைப்ரஸ்லருந்து வந்த ‘டெல்டாக்ரான்’ லேப்ல சாம்பிள் ஒண்ணோட ஒண்ணு கலந்த கோளாறுன்னு பெரும்பாலான நிபுணருங்க சொல்லிட்டாங்க. நிஜமான கலப்பு எக்ஸ்பிபி, ரெண்டு பிஏ.2 வாரிசுங்க சேர்ந்தது, 2022 அக்டோபர்ல சிங்கப்பூர்ல அலையே கிளப்புச்சு. பேர் எக்ஸ்ல ஆரம்பிச்சா கலப்புன்னு புரிஞ்சுக்கோங்க.

தமிழ்நாட்டுல இந்த வசதி இருக்கா?

இருக்கு. முன்னாடி சாம்பிள் எல்லாம் பெங்களூருக்கு போயிட்டு இருந்துச்சு, 2021 செப்டம்பர்ல தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல மாநில அரசே முழு மரபணு பகுப்பாய்வு கூடம் திறந்தாங்க. அந்த டிசம்பர் 15ல இங்க முதல் ஒமிக்ரான் அறிவிச்சாங்க, நைஜீரியாலருந்து வந்த பயணி, அவர் விஷயத்துலயும் மொதல்ல எஸ் ஜீன் டிராப், அப்புறம்தான் சீக்வென்சிங்ல உறுதி.

இன்னும் ட்ராக் பண்றாங்களா? நான் எத பார்க்கணும்?

பண்றாங்க, ஆனா சாம்பிள் ரொம்ப கம்மி ஆயிருச்சு. 2023ல பிஏ.2.86னு ஒண்ணு வந்துச்சு, ஸ்பைக்ல மட்டும் பிஏ.2வ விட 30க்கு மேல மாற்றம், பார்த்தவங்க எல்லாம் அடுத்த ஒமிக்ரான்னு மிரண்டாங்க, அது மெதுவா நடந்துச்சு. அதோட புள்ள ஜேஎன்.1, ஸ்பைக்ல ஒரே ஒரு எழுத்து கூட, டிசம்பர்ல கேரளால தெரிஞ்சப்பவே உலகம் பூரா ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. அதனால மியூட்டேஷன் எண்ணிக்கைய வச்சு பயப்படாதீங்க, வாராவாரம் விகிதம் ஏறுதான்னு மட்டும் பாருங்க, கிராஃப்ல கடைசி ரெண்டு வாரத்த கையால மறைச்சுட்டு பாருங்க, அந்த டேட்டா இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

2025 மே மாசம் என்பி.1.8.1 தமிழ்நாட்டுலன்னு நியூஸ் வந்ததும் பெரியப்பா போன் பண்ணி எத்தன பர்சன்ட்டுன்னு கேட்டாரு. இன்சாகாக் சொன்னது ஒரே ஒரு கேஸ், அதுவும் ஏப்ரல்ல எடுத்தது. பர்சன்ட் இல்ல பெரியப்பா, ஒண்ணுன்னேன். சரி அப்ப ரெண்டாவது வந்தா சொல்லுன்னு வச்சுட்டாரு.